கல் ஏறினால் நாம் இறங்கணும்

மலைச் சைக்கிள் பந்தய மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, பந்தயம் நடத்துகிற ரியாஸ் கேட்டு இரண்டு மாதமாகிறது. "உங்க சர்வீஸ் அனுபவம் மேடம். கொஞ்சம் மோட்டிவேஷனா இருந்தா போதும்" என்றான். பந்தயமும் நடக்கவில்லை, மலரும் வரப்போவதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தவளுக்கு நிறுத்த மனசு வரவில்லை. உட்கார்ந்தேன் என்பதே பொய். இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாகிவிட்டது. கிழக்கே கறுத்துக் கிடக்கிறது.

நெய்வேலியில் மலைச் சைக்கிளா என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாதுதான். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்தால் வழி முழுக்க நெல் வயல். ஆனால் பழுப்பு நிலக்கரி ஆழத்தில் கிடக்கிறது. அதை எடுக்க, மேலே இருக்கிற மண்ணை வெட்டி ஓரிடத்தில் கொட்டியாக வேண்டும். அப்படிக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மண்மேட்டை டம்ப் என்போம். வேம்பும் புங்கனும் முந்திரியும் நட்டு வளர்த்ததில் இப்போது தூரத்துப் பார்வைக்கு அது காட்டு மலை. அந்த மேட்டைக் கரையாமல் வைத்திருப்பதுதான் நான் பார்த்த உத்தியோகம். மண் வெட்டும் ராட்சச மெஷினைக் காட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ் பஸ்ஸாகக் கூட்டி வருவார்கள். வாய்க்கால் தூர் வாருவதைப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை.

என் அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து, டவுன்ஷிப் பள்ளியில் படித்து, டிப்ளமோ சிவில் முடித்து டிரெயினியாகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஹெல்மெட் பெரிதாக இருந்தது, ஷூ அதைவிடப் பெரிதாக இருந்தது, பெண் என்பதால் என்னை எங்கே உட்கார வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டம்ப் செக்ஷனில் போட்டார்கள். அங்கே உட்காரவே இடம் கிடையாது என்பதால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அங்கே என் மேலதிகாரி தணிகாசலம் சார். ஒல்லியான மனிதர். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மேனேஜரையும் அப்படித்தான், கான்ட்ராக்ட் பெண்களையும் அப்படித்தான். ஒரு தடவை வாய்க்காலுக்குள் படுத்துக்கொண்டு எழ மறுத்த எருமையிடம்கூட "எந்திரிங்க" என்றார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க மாட்டார், நடந்துவிடுவார். பதில் சொல்ல வேண்டியவன் பின்னாலேயே ஓட வேண்டும். மழை வந்தால் நாங்கள் ஷெட்டுக்குள் ஓடுவோம், அவர் ஷெட்டிலிருந்து வெளியே கிளம்புவார். குடை எடுக்க மாட்டார். "குடைக்குள்ள நின்னா தண்ணி எங்க போவுதுன்னு தெரியாதுங்க" என்பார். அவர் போனால் நானும் போக வேண்டும். முதல் வருஷம் முழுக்க எனக்கு ஜலதோஷம்.

மேட்டைப் படிப்படியாகக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படியும் ஒரு லாரி போகிற அகலம், அதற்குப் பெஞ்ச் என்று பெயர். பெஞ்சின் தரை வெளிப்பக்கம் சாயக் கூடாது, மேட்டின் பக்கமாக உள்ளே சாய வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே ஓடி, அங்கே இருக்கிற வாய்க்காலில் விழுந்து, கல் பதித்த சரிவு வழியாகக் கீழே இறங்கிவிடும். வெளி விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்கரை. தப்பித்தவறி அந்தப் பக்கம் போகிற தண்ணீரை அது மறிக்கும். கரையில் ஒரு ஓட்டை விழுந்தால் போதும், ஒரே மழையில் ஆள் ஒளிகிற அளவுக்குப் பள்ளம் அறுத்துவிடும். வாய்க்கால், சாய்மானம், கரை, எங்கள் வேலை இவ்வளவுதான். ஆனால் வாய்க்கால் ஒவ்வொரு மழைக்கும் தூர்ந்து போகும்.

மரம் நட வருகிற பெரிய மனிதர்கள் யாராக இருந்தாலும் சார் முதலில் ஒரு இரும்புச் சட்டியை நீட்டுவார். "மேல போறவங்க ஒரு சட்டி வண்டல் அள்ளிப் போட்டுட்டுப் போங்க." போட்டோவுக்கென்று வெள்ளைச் சட்டை போட்டு வந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிலர் அள்ளினார்கள், சிலர் சிரித்து மழுப்பினார்கள். சார் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. மரம் நடப் பணம் கேட்டால் எந்த ஊரிலும் கொடுப்பார்கள், தூர் வாரக் கேட்டால் "போன வருஷம்தானே வாரினீங்க?" என்பார்கள் என்று மட்டும் சொல்வார்.

அவரோடு பார்த்த ஒரு கேஸை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஐப்பசி மழை விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. மேல் பெஞ்சில், விளிம்பை ஒட்டியே நீளமாக ஒரு வெடிப்பு. விரல் நுழையும். விளிம்பைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போகப் பார்க்கிற வெடிப்பு அது. அதற்கு நேர் கீழே, அடுத்த பெஞ்சில், கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் பெண்கள் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கன்றுக்கு இவ்வளவு என்று கூலி. மழைக்காலத்தில் நட்டால்தான் அவர்களுக்குக் காசு.

சார் வெடிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சி, இந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சி அடித்தார். இரண்டுக்கும் நடுவில் தொய்வாக ஒரு கயிறு. கயிற்றின் நடுவில் கைக்கடக்கமாக ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, கல் தொங்குகிற மட்டத்தில் சிவப்புக் கோடு போட்டார். விளிம்பு வெளியே நகர்ந்தால் கயிறு இழுபடும், கல் கோட்டை விட்டு மேலே போகும். "கல்லு ஏறுனா நாம எறங்கணுங்க" என்றார். முதல் நாள் கட்டியது குறிஞ்சிப்பாடித் தறிக்காரரிடம் வாங்கிய பருத்திக் கயிறு. தூறல் விழுந்ததும் கல் ஏறிவிட்டது. நான் கத்தினேன், எல்லோரும் சேற்றில் விழுந்து புரண்டு இறங்கி ஓடினோம். மேடு அப்படியே நின்றது. நனைந்த பருத்தி சுருங்கியதற்கு நாங்கள் அப்படி ஓடியிருந்தோம். மறுநாள் கடலூர் துறைமுகத்திலிருந்து, தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பை வரவழைத்தார்.

அன்றைக்கே கீழ் பெஞ்சையும் மூடினார். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் அஞ்சலை, அப்போது என் வயதுதான் இருக்கும்.

"மூடிட்டா எங்க கூலிய யாரு சார் குடுப்பா?"

"மேடு சரிஞ்சா உசுரு போயிடுங்க அஞ்சலை."

"எப்ப சரியும்? நாளைக்கா, நாளான்னிக்கா? சொல்லுங்க, அதுவரிக்கும் நட்டுட்டுப் போறோம். வூட்ல புள்ளைங்க வாயத் தொறந்துகினு ஒக்காந்திருக்குது."

கேள்வி கேட்டுவிட்டு நடந்துவிடுகிற மனிதர், அன்றைக்கு அவள் கேள்வியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு பக்கத்து மேட்டில் தூர் வாரும் வேலைக்கு அவர்களை அனுப்பினார். நாள் கூலி, கன்று நட்டால் வருவதில் பாதிகூடத் தேறாது. நாங்கள் மேல் வாய்க்காலை ஆழப்படுத்தித் தண்ணீரைத் திருப்பினோம், வெடிப்பைக் களிமண்ணால் அடைத்தோம். சார் தினமும் மேலே போய்க் கல்லுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொள்வார். கல் ஏறவில்லை. மழைக்காலம் முடிந்தது, நடவு சீசனும் முடிந்தது. கல் கோட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். மேடு சரிந்திருந்தால் சாரைக் கும்பிட்டிருப்பார்கள். சரியாததால் பயந்தாங்கொள்ளி என்று பெயர். நாங்கள் தண்ணீரைத் திருப்பியதால் நின்றதா, எப்படியும் நின்றிருக்குமா? எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் தெரியாமலேதான் ரிட்டையரானார். அஞ்சலை மட்டும் அதை விடவே இல்லை. என்னை எங்கே பார்த்தாலும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "இன்னாம்மா, கல்லு ஏறிச்சா?" என்பாள்.

அதற்கப்புறம் நானும் எத்தனையோ கல் கட்டினேன். ஒன்றும் ஏறவில்லை, என் மேடு எதுவும் சரியவில்லை. பிரிவுபசார விழாவில் பேசியவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் அகப்படாமல் 'அமைதியானவர்' என்றார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் பக்கம் வீடு கட்டிப் போனேன். அந்தச் சமயத்தில்தான் சைக்கிள் வந்தது. ரியாஸ், பஜாரில் அப்பா காலத்துச் சைக்கிள் கடையை நடத்துகிறவன், முப்பது வயதைத் தாண்டியவன். பழைய மேடு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்ட அனுமதி வாங்கியிருந்தான். மண் சரிந்தால் அனுமதி ரத்து என்பது நிபந்தனை. முதலில் டவுன்ஷிப் பையன்கள் நாலு பேர் ஓட்டினார்கள். பிறகு கடலூர், பாண்டிச்சேரி, அப்புறம் சென்னையிலிருந்தே வேனில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டித் தடமாகிவிட்டது. சேறு கண்ட இடத்தில் சுற்றிப் போவார்கள், பாதை அகலும். பிரேக் பிடிக்கிற வளைவிலெல்லாம் பள்ளம். யாரோ சொல்லி ரியாஸ் என்னைத் தேடி வந்தான். நான் போய்ப் பார்த்துவிட்டு, முதலில் வாய்க்காலைக் கவனி என்று சொல்லி, சார் மாதிரியே ஒரு இரும்புச் சட்டியையும் அங்கே வைத்துவிட்டு வந்தேன். மாதச் சந்தா வசூலித்து, தூர் வார இரண்டு பெண்களைப் போட்டான். அதில் ஒருத்தி அஞ்சலை. அவளுக்குத் தலை நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. "நீ இன்னும் இந்த மேட்ட வுடலியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மம்மட்டியைத் தொட்டாள்.

ஓட்டுகிறவர்கள் பெருகினால் பணமும் பெருகும் என்று நினைத்தோம். பெருகத்தான் செய்தது. ஆனால் கொடுத்தவர்கள் எல்லோரும் புதிதாக எதையாவது கட்டத்தான் கொடுத்தார்கள். கடலூர் நகைக்கடைக்காரர் ஒருவர், டிசம்பர் கடைசி ஞாயிறு பந்தயத்துக்கு அலங்கார வளைவும், குதித்துக் குதித்துப் போகப் புதிதாக ஒரு பாதையும் போட்டுத் தருகிறேன் என்றார். வளைவில் கடைப் பெயர் இருக்க வேண்டும். தூர் வாரும் கூலிக்கு அவரிடம் கேட்டதற்கு, "வாய்க்கால்ல எங்க தம்பி பேர் போடறது?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டாராம். ரியாஸ் சொல்லிச் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுப் பாதைக்கு அவர் கொடுத்தது போதாமல் சந்தாப் பணமும் அதில் போயிற்று. புரட்டாசியோடு அஞ்சலையையும் மற்றவளையும் நிறுத்தினார்கள். பந்தயம் முடிந்து காசு வந்ததும் மறுபடி கூப்பிடுவதாக ஏற்பாடு. அந்தப் பந்தயத்தை நம்பி, வாடகைக்கு விட ரியாஸ் புது மலைச் சைக்கிள்களைத் தவணையில் எடுத்துக் கடையில் வரிசையாக நிறுத்தியிருந்தான்.

கார்த்திகையில் ஒரு நாள் அஞ்சலை என் வீட்டு கேட்டைத் தட்டினாள். வேலை கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"கரைய வெட்டிப்புட்டாங்கம்மா. சைக்கிளு எகிறிக் குதிக்கறதுக்கு மேடு கட்டிக்கினு இருக்காங்க. மண்ணுக்கு எங்க போவாங்க? கரைதான் கைக்கெட்டுற தூரத்துல கெடக்குதே."

செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே அவளோடு கிளம்பினேன். பையன்கள் எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தார்கள்! குதிமேட்டை மட்டப்பலகையால் தட்டித் தட்டி வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். அந்த நேர்த்தியைப் பார்க்க மெச்சவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. அவ்வளவு மண்ணும் விளிம்புக் கரையில் எடுத்தது. உள்பக்கம் வாய்க்கால் தூர்ந்து புல் முளைத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் பெஞ்ச் முழுக்கத் தேங்கி, கரை இல்லாத இடத்தில் வெளியே வழிந்திருந்தது. விளிம்பை ஒட்டி ஒரு வெடிப்பு. நல்லவேளை, நைலான் நரம்பு வீட்டில் இருந்தது. ரிட்டையராகும்போது எல்லோரும் சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்குப் போவார்கள், நான் கூடவே ஒரு உருண்டை நரம்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ரியாஸை மேலே வரச் சொல்லி, அவன் கண்ணெதிரே கல்லைக் கட்டினேன். பந்தயத்தை நிறுத்து, மழை முடிகிறவரை பாதையை மூடு என்றேன்.

"நிச்சயமா சரியுமா மேடம்?"

"தெரியாது."

"அப்ப சரியாதா?"

"அதுவும் தெரியாது."

"இத்தினி வருஷம் சர்வீஸ் போட்டுட்டு, தெரியாதுன்னு சொன்னா எப்பிடி மேடம்?" குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. "பந்தயம் இல்லன்னா அவரு வளைவப் பிரிச்சிக்கினு போயிடுவாரு. நான் தவணைய எதுல கட்டுவேன்? கடை போயிடும் மேடம். ஒரே ஒரு நாள்தானே? ஒரு நாளு தாங்காதா இந்த மேடு?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீசில் போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. ஆனால் அனுமதியும் அதோடு முடிந்துவிடும், இவன் கடையும் மொத்தமாகப் போய்விடும். எனக்கு இப்போது எந்த அதிகாரமும் கிடையாது. மூடினால் அவன்தான் மூட வேண்டும். கீழே பார்த்தேன். கீழ் பெஞ்சில் வரிசையாகச் சின்னச் சின்ன மஞ்சள் கொடிகள் நட்டிருந்தன.

"அது எதுக்கு ரியாஸ்?"

"அது புள்ளைங்க ரைடு மேடம். பத்து வயசுக்குக் கீழ. மேல பெரியவங்க ஓட்டுறப்பவே கீழ..." தன் பெண் பெயரைத்தான் அதில் முதலில் எழுதியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. வெடிப்பைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், கொடிகளைப் பார்த்தான். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனான். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கொடியாகப் பிடுங்கி, கையில் கட்டாகச் சேர்த்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு பட்டதெல்லாம் அவன்தான். வளைவு வந்த லாரியிலேயே திரும்பிப் போனது. வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு கிழவிக்குப் பயந்து பந்தயத்தை நிறுத்திவிட்டான் என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார்கள். பந்தய ஞாயிறு அன்று பாழாய்ப்போன வானத்தில் பளிச்சென்று வெயில் அடித்தது. கடைப்பக்கம் போனேன். புதுச் சைக்கிள்கள் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் நின்றன. உள்ளே போக எனக்கு முகம் இல்லை, அப்படியே திரும்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய்க் கல்லைப் பார்த்தேன். கல் கோட்டிலேயே இருந்தது. எந்த மலரிலும் போட முடியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கல் ஏற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மேலேயும் கீழேயும் ஆள் இல்லாத மேடுதானே, சரிந்து தொலையட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் பயந்தது நியாயம்தான் என்று ஊர் பார்க்கட்டும். ரியாஸும் பார்க்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், அது பயத்தில் அடித்துக்கொண்டதில்லை. சார் அத்தனை நாள் அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாரே, அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றும். கேட்க இப்போது அவர் இல்லை.

முந்தாநாள் காலை நல்ல மழை. கல்லுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். சரிவில் ஆள் ஏறி வரும் சத்தம். ரியாஸ், அவன் பின்னால் மம்மட்டியோடு அஞ்சலை. பந்தயம் நின்ற பிறகு அவனை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"இன்னாம்மா, கல்லு ஏறிச்சா?" என்று அஞ்சலை ஆரம்பித்தாள்.

நான் ரியாஸைப் பார்த்து, "ஏறலப்பா" என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்வது மாதிரிதான் வந்தது.

அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "ஏறலியா? அல்ஹம்துலில்லாஹ்! ராவெல்லாம் இந்த மழையில அதே நெனப்பு மேடம், வழி பூரா அதே நெனப்பு." அப்புறம்தான் என் முகத்தைக் கவனித்தான். "நஷ்டம் எனக்கு. உங்க மொகம் ஏன் மேடம் தொங்கிக் கெடக்குது?"

என் சர்வீஸ் முழுக்க, கல் ஏறாததற்குச் சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. நானே பட்டதில்லை. மழையில் கண்ணீர் வெளியே தெரியவில்லை.

"புது சைக்கிள்ல ரெண்ட பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தருக்கு வந்த வெலைக்குத் தள்ளிட்டேன்" என்றான் அவன், குனிந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே. "தவணைக்குப் போக மீதி இருக்கு. மழை முடியறவரைக்கும் இவங்க கூலிக்கு வரும். மத்ததுக்கு அப்பறம் பாத்துக்கலாம். சட்டி எங்க வெச்சீங்க மேடம்?"

அஞ்சலை மம்மட்டியை ஓங்கிப் புல்லில் போட்டாள். "பாத்துக்கோம்மா. கல்லும் ஏறல, கூலியும் வந்துட்டுது. அன்னிக்கி உங்க சாரால முடியல."

சட்டி வேப்ப மரத்தடியில் கவிழ்த்துக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் வாய்க்காலில் இறங்கினோம்.